ஹோர்ட்டன் சமவெளிக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் மலையக அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களுக்கும் சுற்றுலாப் பொறுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

தை பிறந்து பங்குனி முடியும்வரை ஹட்டன், தலவாக்கலை, அக்கரப்பத்தனை, பண்டாரவளை, பதுளைப் பக்கமிருந்து பாடசாலை பஸ்கள் பட்டிப்பொல வழியாகவும் ஒகிய வழியாகவும் ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறிக்கொண்டே இருக்கின்றன. இங்கே பாடசாலைக் குழுக்களோடு நடக்கும் எங்களுக்குப் பிள்ளைகள் வருவது மகிழ்ச்சி. வருகிற விதம்தான் கவலையாக இருக்கிறது. பெரும்பாலான பாடசாலைகளின் நிகழ்ச்சி நிரல் ஒரே மாதிரி: விடியமுன் புறப்பாடு, சமவெளி, அம்பேவெல பண்ணை, ஹக்கல பூங்கா, பின்னேரம் நுவரெலியா கடைத்தெரு. இதில் சமவெளிக்கு மிஞ்சுவது மூன்று மணித்தியாலம். அந்த நேரத்துக்குள் பிள்ளைகள் உலக முடிவு எனப்படும் செங்குத்துச் சரிவின் விளிம்புக்கு ஓடுகிறார்கள், மூட்டத்தைப் பார்க்கிறார்கள், படம் எடுத்துக்கொண்டு திரும்பி ஓடி வருகிறார்கள். வழியெல்லாம் கடந்துபோன புல்லும் மரமும் ஓடையும் என்னவென்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். உலக முடிவுக்காகப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். அந்தப் புல்வெளிக்காகவும் குட்டைக் காட்டுக்காகவும் திட்டமிடுங்கள். அப்படி மாற்றினால் புறப்படும் நேரம், உணவு, உடை, நடக்கும் தூரம் எல்லாமே மாறும். அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலில் இடத்தைப் பற்றி. சமவெளி என்று பெயர் இருந்தாலும் இது கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே அலையலையாகக் கிடக்கும் மேட்டுநிலம். தேசியப் பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 3,160 ஹெக்டயர். 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகி, 1988இல் தேசியப் பூங்காவாகி, 2010இல் சிவனொளிபாத மலைக் காட்டுடனும் நக்கிள்ஸ் மலைத்தொடருடனும் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. தேர்வுக்கு இந்த ஆண்டுகள் போதும். ஆனால் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டியது தண்ணீரின் கதை. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இந்த மேட்டிலிருந்து ஓடைகள் இறங்குகின்றன. அக்கர ஓயா மகாவலிக்குப் போகிறது. பெலிஹுல் ஓயா வளவைக்குப் போகிறது. பொகவந்தலாவைப் பக்கம் இறங்கும் நீர் களனியில் சேர்கிறது. அக்கரப்பத்தனையிலும் டயகமவிலும் படிக்கும் பிள்ளைக்கு இது புத்தகத்துப் பாடமல்ல, தன் லயத்துக்குக் கீழே ஓடுகிற ஆறு பிறக்கும் இடம். புறப்படுவதற்கு முதல் நாளே வகுப்பில் ஒரு வரைபடத்தை விரித்து, பாடசாலைக்கு அருகிலுள்ள ஓடையிலிருந்து விரலால் மேல்நோக்கிப் போகச் சொல்லுங்கள். பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

தேயிலை ஏன் இங்கே ஏறவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். கோப்பிக்கும் தேயிலைக்குமாக மலைக்காடுகள் வேகமாக அழிந்துகொண்டிருந்த காலத்தில், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை நீருக்காக விட்டுவைக்க வேண்டுமென்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் ஆலோசனை சொன்னார். அரசும் அதை ஏற்று உத்தரவிட்டது. சமவெளிக் காடு தப்பியதற்கு அது முக்கியமான காரணம். புல்வெளிக்கு வேறு சோதனை வந்தது. 1960களில் இதன் ஒரு பகுதியில் உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். 1969இல் அது நின்றது. ஆனால் உழுத நிலத்துக்குப் பழைய புல் திரும்பி வரவில்லை. கிக்கியூ என்ற ஆபிரிக்கப் புல் பாய் விரித்தாற்போல அங்கே பரவிவிட்டது. நடை தொடங்கும் இடமான ஃபார் இன் பக்கம் வெட்டிவிட்டதுபோல் குட்டையாக, பளிச்சென்ற பச்சையில் தெரிவது பெரும்பாலும் அதுதான். பழைய புல் கொத்துக் கொத்தாக, முழங்காலுயரத்துக்கு, பழுப்புக் கலந்து நிற்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கையைப் புல்லுக்குள் விட்டால், கொத்துப் புல்லின் அடியில் மண் ஈரமாகவும் கறுப்பாகவும் இருப்பது தெரியும். சதுப்புப் பள்ளங்களில் இந்தக் கறுப்பு மண் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. அதில் புதைந்திருந்த மகரந்தத் துகள்களை வைத்து இருபதாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தாவர வரலாற்றை ஆய்வாளர்கள் படித்திருக்கிறார்கள். மழை பெய்தவுடன் ஓடிவிடாமல் நீர் மெதுவாகக் கசிந்து ஓடைக்கு வருவது இந்த மண்ணால்தான். பாதையை விட்டு விலகி நாற்பது பிள்ளைகள் நடந்தால் அந்த மண் இறுகும். இறுகிய தடத்தில் நீர் இறங்காமல் ஓடும், ஓடினால் அரிக்கும், அரித்த இடம் வாய்க்காலாகும். பாதையில் சேறு என்று ஓரமாக ஒதுங்கி நடப்பதுதான் பாதையை வருடாவருடம் அகலமாக்குகிறது. சேறென்றாலும் பாதையின் நடுவால் நடக்கச் சொல்லுங்கள்.

பள்ளத்தில் புல்லும் சரிவில் மரமும் நிற்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். மார்கழியிலிருந்து மாசி வரை, வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீரைப்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். விடியும்போது புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். அதில் மரக்கன்றுகள் கருகிவிடும், புல் தாங்கிக்கொள்ளும். புல்வெளி உருவானதற்கு ஆய்வாளர்கள் தீயையும் பழைய காலநிலையையும் சேர்த்தே காரணம் சொல்கிறார்கள் என்றாலும், பனியின் வேலையைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம்.

காட்டுக்குள் மரங்கள் குட்டை. காற்றும் குளிரும் அவற்றை உயரவிடுவதில்லை. உச்சி குடை விரித்தது மாதிரித் தட்டையாக இருக்கும், இலை சின்னதாகத் தோல்போலத் தடித்திருக்கும். கீனா மரம், காட்டுக் கறுவா, நாவல் இனங்கள், சிங்களத்தில் மகா ரத்மல் எனப்படும் சிவப்புப் பூ பூக்கும் ரொடொடென்ட்ரன் ஆகியவை முக்கியமானவை. ரொடொடென்ட்ரன் தனித்தனியாகப் புல்வெளிக்குள்ளும் நிற்கும். கிளைகளில் தொங்கும் பாசியும் மரத்தாடியும் மூட்டத்திலிருந்து நீரைப் பிடித்துச் சொட்டவிடுகின்றன. மழை இல்லாத நாளிலும் மரத்தடி நனைந்திருக்கும். ஆசிரியர் ஒருவர் இரண்டு நிமிடம் எல்லாரையும் பேசாமல் நிற்கவைத்தால் அந்தச் சொட்டுச் சத்தம் கேட்கும். காட்டின் அடித்தளத்தில் நெலு எனப்படும் குறிஞ்சி இனங்கள். அவற்றில் சில பன்னிரண்டு வருடமளவுக்கு ஒருமுறை ஒன்றாகப் பூத்து, விதைத்து, ஒன்றாகவே சாகும்.

சாம்பல் நிறத்தில் பட்டுப்போன மரங்கள் கூட்டமாக நிற்கும் இடங்களும் உண்டு. “தீ வைத்தார்களா?” என்பார்கள் பிள்ளைகள். இல்லை. பல பத்தாண்டுகளாக மரங்கள் உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து சாகின்றன. மண்ணில் நீர்க்குறை, காற்று மாசு என்று பல காரணங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒற்றைக் காரணம் இதுதான் என்று முடிவாகச் சொல்ல முடியவில்லை. அப்படியே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அறிவியலில் விடை காணாத கேள்வி ஒன்று தங்கள் மலையிலேயே இருப்பது அவர்களுக்குத் தெரியட்டும்.

இனி உயிரினங்கள். இங்கேதான் நம் பயணங்களால் மிகப் பெரிய கேடு நடக்கிறது.

வண்டி நிறுத்துமிடத்தில் மரைகள் பழகிப்போய் நிற்கின்றன. பிள்ளைகள் பாணும் பிஸ்கட்டும் நீட்டுகிறார்கள், ஆசிரியர்கள் படம் எடுக்கிறார்கள். மரை அசைபோடும் விலங்கு. புல்லைச் செரிக்கவென்று அதன் முதல் இரைப்பையில் எண்ணிலடங்கா நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. பாண், பிஸ்கட் போன்ற மாப்பொருள் திடீரெனக் கூடுதலாகப் போனால் அங்கே அமிலம் ஏறி அந்த நுண்ணுயிர்களே சாகும். மரை தீனியை விட்டுவிடும், கழிச்சல் போகும். பொலித்தீன் இன்னும் கொடியது. உப்பும் எண்ணெயும் பட்ட சோற்றுப் பார்சல் தாள் மரையின் மூக்குக்கு உணவு. விழுங்கிய தாள் செரிக்காது, வெளியேயும் வராது. இரைப்பைக்குள் பந்தாகத் திரண்டு கிடக்கும். வயிறு நிறைந்ததுபோல் இருப்பதால் மரை மேயாது, மெலிந்து மெலிந்து சாகும். செத்த மரைகளின் வயிற்றிலிருந்து பொலித்தீன் எடுக்கப்பட்டிருக்கிறது. சமவெளியின் சிறுத்தைக்கு முக்கிய இரை இந்த மரைதான். யானை இங்கே ஒருகாலத்தில் இருந்து, வெள்ளைக்காரர் காலத்து வேட்டையில் அழிந்துபோனது. அந்த வரிசையில் இன்னொன்று சேர வேண்டாம்.

ஆகவே உணவைப் பாடசாலையிலேயே சரிசெய்யுங்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு தேங்காய் ரொட்டி, கட்டிச் சம்பல், அவித்த முட்டை ஒன்று, கழுவிப் பயன்படுத்தும் போத்தலில் ஒரு லீற்றர் தண்ணீர். ரொட்டியை வாழையிலையில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைக்கலாம். சோறும் குழம்பும் வேண்டாம். குளிரில் உறைந்து தின்ன முடியாமல் அரைவாசி புல்லுக்குள் கொட்டப்படுகிறது. பிஸ்கட்டும் டொபியும் கொண்டுவந்தால் உறையை வீட்டிலேயே கழற்றிவிட்டுப் பெட்டியில் போடட்டும். நுழைவாயிலில் உத்தியோகத்தர்கள் பைகளைத் திறந்து பொலித்தீனை அகற்றுவார்கள், போத்தலின் மேல்தாளையும் கிழிப்பார்கள். ஒரு பஸ் பிள்ளைகளுக்கு இதைச் செய்ய அரைமணி நேரம்கூடப் போகலாம். முதல் நாள் பின்னேரம் வகுப்பில் நீங்களே பைகளைப் பார்த்துவிட்டால் அந்த நேரம் மிச்சம். முட்டைக்கோது, வாழைப்பழத் தோல், தோடம்பழத் தோல் உட்பட எதுவும் அங்கே விழக் கூடாது. அழுகும்தானே என்பார்கள். அந்தக் குளிரில் அழுகுவதற்கு மிக நீண்ட நாள் எடுக்கும். அதற்குள் குரங்கும் மரையும் அந்த வாசனைக்குப் பழகிவிடும். ஒரு வகுப்புக்கு ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு, குப்பையை அதில் கட்டிப் பாடசாலைக்கே திருப்பிக் கொண்டுபோங்கள். பட்டிப்பொல தெருவோரத்தில் கொட்டிவிட்டுப் போவதும் நடக்கிறது. அது சமவெளியில் கொட்டுவதற்குச் சமம்.

மரை ஒன்று நின்றால் இரண்டு பஸ் நீளத்துக்கு இப்பால் நிற்கச் சொல்லுங்கள். கொம்புள்ள ஆண் மரையை நெருங்கிச் செல்பி எடுக்க விடவே வேண்டாம். வாகனம் பூங்காவுக்குள் 25 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டக் கூடாது. விடிகாலையில் மரைகள் வீதியின் ஓரத்திலேயே நிற்கும். பஸ்ஸில் பாட்டு நுழைவாயிலுக்கு முன்னமே நிற்க வேண்டும். சாரதியிடம் இதைப் புறப்படும்போதே பேசிக்கொள்ளுங்கள், மேலே வந்தபின் சொன்னால் பிள்ளைகள் முன்னிலையில் வாக்குவாதமாகிவிடும்.

சிறிய உயிர்களைப் பார்ப்பது எப்படி? பிள்ளைகளை எட்டுப் பத்துப் பேராகப் பிரித்து, குழுவுக்கு ஓர் ஆசிரியர் முன்னும் ஒருவர் கடைசியிலுமாக, குழுக்களுக்கிடையில் பத்து நிமிட இடைவெளி விட்டு அனுப்புங்கள். பாசி படர்ந்த மரத்தண்டுகளில், இடுப்பிலிருந்து தலையுயரம் வரை பொறுமையாகப் பார்த்தால் மூக்கில் வெள்ளைக் கொம்புள்ள ஓணான் தெரியலாம். அதே காட்டில் இன்னொரு குட்டை ஓணான் உண்டு. அது முட்டையிடாமல் குட்டி போடும். இரண்டும் இலங்கைக்கே உரியவை. தொடக் கூடாது, கிளையை ஆட்டவும் கூடாது. மஞ்சள் காதுள்ள கொண்டைக்குருவி, நீலச் சாயலுள்ள ஈப்பிடிப்பான், இலங்கை வெள்ளைக்கண்ணி ஆகியவை கூட்டமாக வரும்போது நின்றாலே போதும். சீழ்க்கைப் பூங்குருவி பெரும்பாலும் விடிகாலையிலும் அந்தியிலும்தான் ஓடைப் பக்கம் வெளியே வரும். கரடிக் குரங்கின் அடித்தொண்டைக் குரல் காட்டுக்குள்ளிருந்து கேட்கும். கண்ணில் படாவிட்டாலும் சொல்ல வேண்டியது இங்குள்ள தேவாங்கு. பல பத்தாண்டுகள் அழிந்ததாகவே கருதப்பட்டு 2002இல் மறுபடி காணப்பட்டது. அதன் முதல் படங்கள் 2010இல்தான் வெளியாயின.

ஓடைகளில் பிள்ளைகள் பார்க்கும் மீன் நம்முடையதல்ல. ஆங்கிலேயர் தூண்டில் விளையாட்டுக்குக் கொண்டுவந்து விட்ட ட்ரவுட். நமக்கே உரியது, இந்தச் சமவெளியின் ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் காணப்படாத ஒரு சிறு நன்னீர் இறால். ட்ரவுட் அதைத் தின்கிறது, அது போதாதென்று நாம் சவர்க்காரத்தோடு கை கழுவப் போகிறோம். சாப்பிட்ட கையை ஓடையிலிருந்து தள்ளி, போத்தல் தண்ணீரால் புல்லோரம் கழுவச் சொல்லுங்கள். பேக்கர் நீர்வீழ்ச்சியில் குளிப்பது தடை. பாறையும் வழுக்கும்.

மஞ்சள் பூப் பூத்து, முள் அடர்ந்து புதராக நிற்கும் கோர்ஸ் செடி படம் எடுக்க அழகாக இருக்கும். அதுவும் ஆங்கிலேயர் கொண்டுவந்ததே. புல்வெளியை விழுங்கி வரும் மிக மோசமான செடிகளில் அது ஒன்று. காய் முற்றினால் வெயிலில் வெடித்து விதையைச் சில மீற்றர் தூரம் எறியும். மண்ணுக்குள் விதை முப்பது ஆண்டுகள் வரையும் உயிரோடு கிடக்கும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும், எரித்தால் மண்ணிலுள்ள விதைகள் கூட்டமாக முளைக்கும். வனஜீவராசிகள் திணைக்களமும் தொண்டர்களும் வேரோடு பிடுங்கிப் பிடுங்கி வருகிறார்கள். நாம் செய்ய வேண்டியது சப்பாத்தைக் கழுவுவது. வரும்போது ஊர்ச் சேற்றையும், போகும்போது சமவெளிச் சேற்றையும் கழுவ வேண்டும். அடிப்பள்ளங்களில் சிக்கியிருக்கும் மண்ணைக் குச்சியால் கிளறி, பழைய பல் தூரிகையால் தேய்த்தால் ஒரு சோடிக்கு இரண்டு நிமிடம். அந்த மண்ணைத் தோட்டத்துச் செடிகளுக்குள் கொட்டாமல் குப்பைப் பையிலேயே போடுங்கள். கோர்ஸ் பூவைப் பறித்துக் கொண்டுபோய் வீட்டில் நட முயலும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

இப்போது நேரமும் தூரமும். ஃபார் இன்னில் தொடங்கி சின்ன உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றி வந்தால் ஏறக்குறைய 9 கிலோமீற்றர். நின்று பார்த்து நடக்கும் பிள்ளைகளுக்கு நாலு, நாலரை மணித்தியாலம் வேண்டும். 9 மணிக்குப் பிறகு உலக முடிவில் மூட்டம்தான் இருக்கும் என்பதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏற ஏற பலாங்கொடைப் பக்கத்துத் தாழ்நிலத்தின் ஈரக்காற்று சூடாகிச் செங்குத்துச் சுவரோடு மேலேறும், உச்சிக்கு வரும்போது குளிர்ந்து முகிலாகும். ஹட்டனிலிருந்து நடுச்சாமத்தில் பிள்ளைகளை எழுப்பி ஓட்டிவந்தால் தூக்கமும் வாந்தியும்தான் மிஞ்சும். ஆகவே தரம் 10க்கு மேலென்றால் முதல் இரவு நுவரெலியாவில் தங்கி, 6 மணிக்கு நுழைவாயிலில் நின்று, எட்டு மணிக்குள் உலக முடிவை அடையும்படி முழுச் சுற்றும் போகலாம். தரம் 6 முதல் 9 வரை என்றால் அதை விட்டுவிடுங்கள். காலை 8 மணிக்கு வந்து, முதல் இரண்டு கிலோமீற்றரை மட்டும் மெதுவாகப் போய்த் திரும்பினால் புல், ஓடை, காட்டோரம் மூன்றும் கிடைக்கும். “உலக முடிவு காட்டாமல் கூட்டி வந்துவிட்டார்கள்” என்று பெற்றோர் குறைசொல்வார்கள் என்ற பயம் எங்களுக்கும் புரிகிறது. முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட்டால் அந்தக் குறை வராது. அம்பேவெலவையும் ஹக்கலவையும் வேறொரு நாளுக்கு வையுங்கள்.

உலக முடிவுக்குப் போகும் குழுக்களுக்கு ஒரு கண்டிப்பு. அங்கே 870 மீற்றர் அளவுக்குச் சரிவு. விளிம்பிலுள்ள புல்லுக்கு அடியில் பாறை இருக்கிறதா, வெறும் மண்ணா என்பது மேலிருந்து தெரியாது. 2015இல் வெளிநாட்டுப் பயணி ஒருவர் படம் எடுக்கப் பின்னோக்கி நகர்ந்து விழுந்து, கீழே மரத்தில் தங்கியதால் உயிர் தப்பினார். எல்லாருக்கும் அந்த மரம் வாய்க்காது. விளிம்புக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே ஆசிரியர்கள் நிற்க வேண்டும், படம் எடுப்பவர் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது.

உடையில் தவறு செய்தால் நடை பாதியில் நிற்கும். பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்து, மூட்டத்திலும் நனைந்து, காற்றுப் பட்டதும் உடல் நடுங்கத் தொடங்கும். உள்ளே மாற்றுச் சட்டை ஒன்று, மேலே கம்பளிச் சட்டை, அதற்கும் மேலே மழை அங்கி. காதை மூடும் தொப்பி. செருப்போடு வந்த பிள்ளையை நடத்தாதீர்கள், சப்பாத்து இல்லாத பிள்ளைக்குப் பாடசாலையே ஒரு சோடி இரவல் ஒழுங்குசெய்யட்டும். இழுப்பு உள்ள பிள்ளைகளின் பம்ப், பிள்ளையின் பையில் அல்ல, குழு ஆசிரியரின் சட்டைப்பையில் இருக்க வேண்டும். குளிர்காற்றும் ஏற்றமும் சேர்ந்தால் இழுப்பு கிளம்பும். கழிப்பறை ஃபார் இன் பக்கம்தான், நடக்கத் தொடங்குமுன் எல்லாரும் போய்வரட்டும்.

கடைசியாக, தோட்டத்துப் பாடசாலைகளுக்கு மட்டும் ஒரு விடயம். பூங்காவின் எல்லை சிறுத்தைக்குத் தெரியாது. அது தேயிலைக்குள் இறங்கும், ஓடையோரக் காட்டில் தங்கும், திரும்பப் போகும். மரக்கறியைக் காக்கவும் இறைச்சிக்கும் பன்றிக்குக் கட்டும் கம்பிச் சுருக்கில் அது விழுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை, மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. கழுத்திலோ இடுப்பிலோ கம்பி இறுகினால் உள்ளே தசையும் உறுப்பும் நசியும், வெளியில் காயம் சிறிதாகவே தெரியும். சுருக்கு எங்கே கட்டியிருக்கிறது என்பது பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் தெரியவரும். சிக்கிய விலங்கைக் கண்டால் கிட்டப் போகக் கூடாது, கூட்டம் சேரக் கூடாது. ஆள் நெருங்க நெருங்க அது இழுக்கும், இழுக்க இழுக்கக் கம்பி இறுகும். கம்பி அறுந்தால் முதலில் பாய்வது அருகில் நிற்பவர்மேல். வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு உடனே அழைத்து, தோட்டம், பிரிவு, மலை இலக்கம் மூன்றையும் சொல்ல வேண்டும். இந்த இலக்கத்தை வகுப்பறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

பூங்கா அலுவலகத்துக்குப் பயணத் திகதி, பிள்ளைகளின் எண்ணிக்கை, தரம் ஆகியவற்றைப் பாடசாலைக் கடிதத்தாளில் முன்கூட்டியே எழுதும்போது, தமிழ் பேசக்கூடிய வழிகாட்டி வேண்டுமென்றும் ஒரு வரி சேருங்கள். எழுதிக் கேட்கும் பாடசாலைகள் கூடினால்தான் அந்தத் தேவை கணக்கில் வரும். இந்த மடலில் உணவையும் உடையையும் பற்றிய பகுதிகளைப் பயணத்துக்கு முந்திய பெற்றோர் கூட்டத்தில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கொழுந்து பறிக்கப் போகுமுன் விடியற்காலையில் பார்சல் கட்டுகிறவர்கள் அவர்கள்தான்.

இப்படிக்கு,
ஹோர்ட்டன் சமவெளியில் பாடசாலைக் குழுக்களோடு நடப்பவர்கள்